வானத்துச் சிவப்பும் நம்முடைய பஞ்சாங்கமும்

உலகத்தின் பல பாகங்களிலும் வான ஆராய்ச்சிக்காரர்கள் சில காலமாக ஒரு விசித்திரமான வேலையில் இறங்கியிருக்கிறார்கள். அதாவது, தூரதிருஷ்டிக் கண்ணாடியைச் சற்று ஒரு பக்கமாக வைத்துவிட்டு, பழைய களிமண் ஏடுகளையும், அரண்மனைக் குறிப்புகளையும், கிறிஸ்தவ மடத்துத் துறவிகள் எழுதிவைத்துப் போன வருஷக் கணக்குகளையும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். எதற்காகவென்றால், சூரியனுடைய முகத்தில் கரும்புள்ளி தெரிந்தது என்றோ, நடு இரவில் வடக்கு வானம் நெருப்புப் பிடித்ததுபோல் சிவந்தது என்றோ, எந்த நாட்டில், எந்த வருஷத்தில், எந்தத் தேதியில் யாராவது எழுதிவைத்திருக்கிறார்களா என்று தேடுவதற்காகத்தான்.

"இதற்கும் காளையார்கோவிலுக்கும் என்ன சம்பந்தம்? மழை பெய்து கண்மாய் நிறையுமா என்பதே எங்களுக்குக் கவலையாயிருக்க, ஆயிரம் வருஷத்திற்கு முன் வானம் சிவந்தால் என்ன, கறுத்தால் என்ன?" என்று நம் வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லுவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும். இவ்விஷயத்தில் மழையும் வருகின்றது, பஞ்சமும் வருகின்றது, நம் ஊர்க் கோயில் கற்களும் வருகின்றன, நம் வீட்டுப் பிள்ளைகளைக் கிரகணத்தன்று கதவடைத்து வைக்கும் பைத்தியக்காரத்தனமும் வருகின்றது என்பதைப் படித்துக்கொண்டு போகப் போகத் தெரிந்துகொள்ளலாம்.

விஷயம் என்ன?

சூரியன் என்பது ஏழு குதிரை பூட்டிய தேரில் ஏறி வரும் ஒரு தேவனல்ல. அது கொதிக்கும் வாயுக்களாலான ஒரு பெரிய உருண்டை. அதன் மேல் காந்த சக்தி மிகுந்த இடங்களில் வெப்பம் சற்றுக் குறைந்திருப்பதால் அவ்விடங்கள் கறுப்புப் புள்ளிகளாகத் தோன்றுகின்றன. ஜெர்மனி தேசத்தில் ஷ்வாபே என்னும் ஒரு மருந்துக் கடைக்காரர் 1826 முதல் மேகமில்லாத நாட்களிலெல்லாம் இப்புள்ளிகளை எண்ணி எழுதிவந்து, அவை ஏறக்குறைய 10, 11 வருஷங்களுக்கு ஒரு முறை பெருகியும் குறைந்தும் வருகின்றன என்று 1843-ல் வெளியிட்டார். அவர் வேதம் படித்தவருமல்ல, யோகம் செய்தவருமல்ல. பார்த்ததைப் பார்த்த நாளிலேயே எழுதிவைத்தார். அவ்வளவே அவர் செய்த தவம்.

இப்புள்ளிகள் பெருகும் காலத்தில் சூரியனிலிருந்து மின்சாரத் தன்மையுள்ள துகள்கள் சில வேளைகளில் பெரும் மேகம்போல் வெடித்துக் கிளம்பும். அம்மேகம் பூமியின் காந்த மண்டலத்தில் வந்து மோதினால் துருவங்களை அடுத்த நாடுகளில் இரவு வானம் பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளி வீசும். இதற்குத் துருவ ஒளி என்று பெயர். மோதல் பலமாயிருந்தால் அந்த ஒளி துருவத்தை விட்டு வெகுதூரம் இறங்கிவரும். அப்போது தூரதேசத்தில் இருப்பவர்களுக்கு, தாழ இருக்கும் பச்சையைப் பூமியின் வளைவு மறைத்துவிட, 200 கிலோமீட்டருக்கு மேலே பிராணவாயு உண்டாக்கும் சிவப்பு மாத்திரம் அடிவானத்தில் தெரியும். ஆகவேதான் அக்காலத்தில் எழுதியவர்கள் பலரும் நெருப்பு என்றும் இரத்தம் என்றும் எழுதினார்கள். ரோமாபுரியில் டைபீரியஸ் சக்கரவர்த்தி காலத்தில் இப்படி வானம் சிவந்தபோது, ஆஸ்டியா துறைமுகம் தீப்பற்றிக்கொண்டது என்று எண்ணிப் போர்வீரர்கள் அணைக்க ஓடினார்கள் என்று செனெகா என்னும் அறிஞர் எழுதியிருக்கிறார்.

இதனால் நஷ்டம் ஏதாவது உண்டா என்றால், உண்டு. 1859 செப்டம்பர் 1-ந் தேதி இங்கிலாந்தில் காரிங்டன் என்பவர் சூரியப் புள்ளிகளைப் படம் வரைந்துகொண்டிருக்கும்போதே அவற்றின்மேல் ஒரு பேரொளி பளிச்சிட்டு மறைந்ததைக் கண்டார். ஒரு நாள் கழியுமுன் பூமியில் காந்தப் புயல் அடித்தது. தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. தந்தி அடித்தவர்கள் கையில் அதிர்ச்சி பட்டார்கள். அன்று நமது பம்பாயில் கொலாபா ஆராய்ச்சிச் சாலையில் எடுத்த காந்த அளவுகளே இன்று உலகத்தார் அப்புயலின் வேகத்தை மதிப்பதற்கு முக்கிய ஆதாரமாயிருக்கின்றன. 1989 மார்ச் 13-ல் கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் இத்தகைய புயலால் 60 லட்சம் ஜனங்கள் 9 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தார்கள். 2022 பிப்ரவரியில் ஒரு அமெரிக்கக் கம்பெனி ஏவிய 49 செயற்கைக் கோள்களில் ஏறக்குறைய 40 வீணாய்ப் போயின. அவை ஏறிய காலத்தில் காந்தப் புயலால் மேல் காற்று சூடேறித் தடித்துவிட்டதே காரணம். 2024 மே மாதத்தில் 20 வருஷமாக இல்லாத பெரும் புயல் அடித்து, லடாக்கிலுள்ள ஹான்லே ஆராய்ச்சிச் சாலையின் படக்கருவியில் வானத்தின் சிவப்பு பதிவாயிற்று.

ஏன் பழைய ஏடு?

சரி, இப்போது ஒரு கேள்வி. 1859-ல் அடித்ததைப் போன்ற புயல் எத்தனை வருஷத்திற்கு ஒருமுறை வரும்? அதைவிடப் பெரியது வந்ததுண்டா? இனி வருமா? இன்று விளக்கு எரிவதும், பணம் மாறுவதும், கடலுக்குப் போனவன் கரை திரும்புவதும் கம்பிகளையும் செயற்கைக் கோள்களையும் நம்பியிருப்பதால், இது வெறும் பண்டிதர் கேள்வியல்ல. ஆனால் தூரதிருஷ்டிக் கண்ணாடியால் சூரியனைப் பார்க்க ஆரம்பித்ததே 1610-ஐ ஒட்டித்தான். அதாவது, நம்மிடம் இருக்கும் நேரான கணக்கு சுமார் 400 வருஷத்துக் கணக்குத்தான்.

நமது செட்டிநாட்டு வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கடையின் மூன்று நாள் சிட்டையைப் பார்த்துவிட்டு, அக்கடை நிலைக்குமா, முழுகுமா என்று எந்தக் கணக்குப்பிள்ளையாவது சொல்லுவானா? பழைய பேரேட்டைக் கொண்டுவா என்பான். சூரியனுடைய ஆயுளுக்கு முன்னே 400 வருஷம் என்பது மூன்று நாள் சிட்டைக்கும் போதாது. ஆகவேதான் ஆராய்ச்சிக்காரர்கள் பழைய பேரேட்டைத் தேடுகிறார்கள்.

அப்பேரேடு சில தேசங்களில் கிடைக்கின்றது. அசீரிய அரசர்களுக்கு வானம் பார்த்துச் சொன்னவர்கள் களிமண்ணில் எழுதிவைத்த மூன்று குறிப்புகள், கி.மு. 679-க்கும் 655-க்கும் இடையில் வானம் சிவந்ததைச் சொல்லுகின்றன என்று ஜப்பானியரான ஹயகாவாவும் அவருடைய கூட்டாளிகளும் 2019-ல் எடுத்துக் காட்டினார்கள். பாபிலோனிய ஏடொன்றில் கி.மு. 567 மார்ச் மாதத்துச் சிவப்பொளி குறிக்கப்பட்டிருக்கிறது. சீனர்கள் கி.மு. 28-லேயே சூரியனில் கரும்புள்ளி கண்டு எழுதியிருக்கிறார்கள். ஜப்பானில் புஜிவாரா நோ தெய்க்கா என்னும் கவிஞர் 1204 பிப்ரவரியில் வடக்கு வானத்தில் சிவப்பும் வெள்ளையுமான ஒளியைக் கண்டு பயந்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

எல்லாவற்றிலும் அழகானது 1128-ம் வருஷத்துச் சங்கதியாகும். அவ்வருஷம் டிசம்பர் 8-ந் தேதி இங்கிலாந்தில் வூஸ்டர் என்னும் ஊரின் மடத்துத் துறவியான ஜான் என்பவரின் ஏட்டில் சூரியனில் இரண்டு கரும்புள்ளிகள் படமாகவே வரையப்பட்டிருக்கின்றன. அதற்கு ஐந்தாம் நாள், டிசம்பர் 13-ந் தேதி இரவு, உலகத்தின் மறுகோடியில் கொரியா தேசத்தில் வானத்தில் சிவந்த ஆவி தோன்றிற்று என்று அத்தேசத்து அரசாங்கச் சரித்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் துறவிக்குக் கொரியா என்றொரு தேசம் இருப்பதே தெரியாது. கொரியாக்காரனுக்கு வூஸ்டர் தெரியாது. ஒருவர் காரணத்தையும் மற்றொருவர் காரியத்தையும் எழுதிவைத்தார்கள். எண்ணூறு வருஷங்களுக்கு மேல் கழித்து யாரோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பொருள் விளங்கிற்று.

மனிதன் எழுதாததை மரம் எழுதிவைத்திருக்கிறது. விண்ணிலிருந்து துகள்கள் மிகுதியாக வந்து காற்றில் மோதினால் ஒருவகைக் கரி அதிகமாகி, அது அவ்வருஷத்து மர வளையத்தில் தங்கிவிடுகின்றது. ஜப்பானில் மியாக்கே என்னும் பெண்மணி 2012-ல் பழைய தேவதாரு மரத்தின் வளையங்களை ஆராய்ந்து, 774-775-ல் அக்கரி திடீரென்று உயர்ந்ததைக் கண்டார். இது 1859-ஐவிட மிகப் பெரிய சூரிய வெடிப்பாயிருக்க வேண்டுமென்று கருதப்படுகின்றது. உடனே எல்லோரும் 774-ஐ ஒட்டிய ஏடுகளைத் தேடினார்கள். இங்கிலாந்து ஏடொன்றில் அஸ்தமனத்திற்குப் பின் வானத்தில் சிவப்புச் சிலுவை தெரிந்ததாக அவ்வருஷத்துக் குறிப்பு இருந்தது. அது துருவ ஒளிதான் என்று ஒருவர் சொல்ல, இல்லை, வெறும் பனித்துகளால் உண்டான ஒளிக்கோலமே என்று மற்றொருவர் மறுக்கிறார். இப்படி மறுப்பதனால் ஒருவரை மற்றொருவர் நாஸ்திகர் என்றும் தேசத்துரோகி என்றும் திட்டிக்கொள்ளவில்லை. அன்று நிலவு எங்கே இருந்தது, திசை என்ன, நேரம் என்ன, வேறு தேசத்தில் அதே இரவில் சாட்சி உண்டா என்றுதான் கேட்கிறார்கள். அறிவுள்ளவர்களின் வழக்கு இப்படித்தான் நடக்கும்.

நம்மவர் எழுதியது என்ன?

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அசீரியனும் சீனனும் கொரியனும் பகுத்தறிவுவாதிகளாயிருந்து இவைகளை எழுதவில்லை. அரசனுக்கு ஆபத்து வருமா, யுத்தம் வருமா என்று சகுனம் பார்ப்பதற்காகவே எழுதினார்கள். மூடநம்பிக்கையில் அவர்கள் நமக்கு இளைத்தவர்களல்ல. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர்கள் இன்ன அரசனுடைய இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன இரவு, இன்ன திசை, இன்ன நிறம் என்று எழுதினார்கள். அவர்கள் சொன்ன பலன் பொய்யாய்ப் போயிற்று; எழுதிய நாள் மெய்யாய் நின்றுவிட்டது. இன்று பலனைக் குப்பையில் எறிந்துவிட்டு நாளை எடுத்துக்கொள்ளுகிறார்கள்.

நம் தேசத்திலோ நேர்மாறாக நடந்திருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் செய்த பிருஹத் சம்ஹிதையில், சூரியனில் தெரியும் புள்ளிகள் ராகுவின் பிள்ளைகள் என்றும், அவை 33 என்றும், இன்ன உருவமாகத் தெரிந்தால் இன்ன கேடு என்றும் எழுதப்பட்டிருக்கிறது. திக்குகள் எரிவதுபோல் தோன்றுவதற்கே ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. மஞ்சளாக எரிந்தால் ராஜாவுக்குப் பயம். நெருப்பு நிறமாக எரிந்தால் தேசத்திற்கு நாசம் என்பது அதன் சாரம். யாரோ பார்த்திருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. பாராமல் இவ்வளவு வகை சொல்ல முடியாது. ஆனால் எப்போது பார்த்தார்கள், எந்த ஊரில் பார்த்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. பலனை எழுதினார்கள், நாளை எழுதவில்லை. அதனால் பலனும் பொய்யாயிற்று, பார்த்ததும் வீணாயிற்று.

நம் தமிழ்ப் புலவர்கள் இதைவிட மேலாகவே இருந்திருக்கிறார்கள். புறநானூற்றில் 229-ம் பாட்டில் கூடலூர் கிழார், பங்குனி மாதத்தில் நடு இரவில் ஒரு கொள்ளி வானத்திலிருந்து விழுந்ததைச் சொல்லும்போது, அந்நேரத்தில் எந்த எந்த நட்சத்திரம் உச்சியில் இருந்தது, எது சாய்ந்தது, எது எழுந்தது என்றெல்லாம் குறிக்கிறார். அது விழுந்த ஏழாம் நாள் சேர அரசன் இறந்ததாகப் பாட்டு முடிகின்றது. கொள்ளி விழுந்ததற்கும் அரசன் செத்ததற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பது வேறு விஷயம். ஆனால் மாதத்தையும் ஜாமத்தையும் வான நிலையையும் இவ்வளவு கருத்தாகக் குறித்தவர் வருஷத்தை ஒரு சொல்லில் குறித்திருந்தால், இன்று உலகத்து ஆராய்ச்சிக்காரர்கள் அப்பாட்டைத் தலையில் வைத்துக் கூத்தாடுவார்கள்.

நமது சிவகங்கை ஜில்லாவிலேயே உள்ள பிரான்மலைதான் பாரியின் பறம்பு மலையென்று சொல்லப்படுகின்றது. அம்மலையைப் பற்றிக் கபிலர் பாடிய 117-ம் பாட்டில், சனி புகைந்தாலும், வால்வெள்ளி தோன்றினாலும், சுக்கிரன் தென்திசைக்கு ஓடினாலும், பாரியின் நாட்டில் விளைவும் மழையும் குறையவில்லை என்ற கருத்து வருகின்றது. அவர் அதற்கு அரசனுடைய செங்கோலைக் காரணமாகச் சொல்லுகிறார். அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வானத்துச் சகுனம் எப்படியிருந்தாலும் நிலம் விளையும் என்று சுமார் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன் இந்த ஜில்லாவில் ஒரு தமிழன் துணிந்து சொன்னான் என்பதைப் பஞ்சாங்கக்காரனுக்குத் தட்சணை நீட்டும்போது நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனிக் கல்லெழுத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கோயில்களில் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள் இருக்கின்றன. காளையார்கோவில் கற்களிலும் பாண்டியர் காலத்து எழுத்துகள் உண்டு. அரசனுடைய ஆட்சி வருஷம், கிழமை, திதி, நட்சத்திரம் எல்லாம் அவற்றில் ஒழுங்காயிருக்கின்றன. எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922-ல் வெளியிட்ட பெரிய அட்டவணை நூலைக்கொண்டு அந்நாட்களை இங்கிலீஷ் தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம். சூரிய கிரகணத்தன்றும் சந்திர கிரகணத்தன்றும் கொடுத்த நிலங்களும் பசுக்களும் பற்றிய குறிப்புகள் பல இருக்கின்றன. ஆனால் ஏன் கிரகணம் மாத்திரம் கல்லில் ஏறிற்று என்று யோசிக்க வேண்டும். அன்று தானம் கொடுத்தால் புண்ணியம் அதிகம் என்று சொல்லிவைத்திருந்ததால்தான் ஏறிற்று. தானம் வாங்குகிறவனுக்குப் பிரயோஜனமில்லாத வானம் கல்லில் ஏறவில்லை. 1128-ல் வூஸ்டரில் சூரியப் புள்ளியை வரைந்தபோது இங்கே விக்கிரம சோழன் ஆண்டுகொண்டிருந்தான். நந்தா விளக்குக்கு விட்ட ஆடுகளை எண்ணி எழுதக் கல்லும் உளியும் சிற்பியும் இருந்தன. சூரியனில் இருந்த புள்ளியை எண்ணி எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை.

பொய்ப் பெருமை வேண்டாம்

ஆனால், இதைப் படித்துவிட்டு, "எங்கள் முன்னோர்கள் துருவ ஒளியையும் பார்த்தார்கள், அது எங்கள் பாட்டில் இருக்கிறது" என்று யாராவது கிளம்பிவிடக் கூடாது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்கு அருகில் செல்லுகின்றது. காளையார்கோவிலில் ஒரு காந்த ஊசியைக் கட்டித் தொங்கவிட்டால் அது ஏறக்குறையப் படுக்கையாகவே நிற்கும். துருவ ஒளிக்கு உலகத்திலேயே எட்டாத இடங்களில் நம் இடம் ஒன்று. நமக்கு வாய்த்தது வேறு. நம் தலைக்கு மேல் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல் வேளையில் ஒரு பெரிய மின்சார ஓட்டம் ஓடுகின்றது. அது கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்தில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இந்தியாவில் துருவ ஒளி தெரிந்ததாக நாளும் ஊருமாகக் கிடைக்கும் குறிப்புகளில் முக்கியமானது 1872 பிப்ரவரி 4-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு பம்பாயில் தெரிந்ததாகும். அதை நமக்குச் சொல்லுவது எந்த சாஸ்திரமும் அல்ல, எந்தப் பஞ்சாங்கமும் அல்ல. அவ்வூர்ப் பத்திரிகை எழுதிற்று. காந்தக் கருவி எழுதிற்று. தந்திக் கம்பி தடைப்பட்டு எழுதிற்று.

திலகர் 1903-ல் வெளியிட்ட ஒரு புஸ்தகத்தில், வேதத்தில் நீண்ட வைகறையைப் பற்றிச் சொல்லியிருப்பதால் ஆரியர்கள் வடதுருவத்தில் குடியிருந்தார்கள் என்று வாதித்தார். நாளுமில்லாமல், இடமுமில்லாமல் ஒரு பாட்டை வைத்துக்கொண்டு துருவத்திற்கே குடிபோய்விடலாம் என்றால், ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய இடத்திற்குக் குடிபோகலாம். அதே தராசில் நம்முடைய சங்கப் பாட்டையும் நிறுக்க வேண்டியதுதான். வடமொழிக்கு ஒரு தராசு, தமிழுக்கு ஒரு தராசு என்பது பகுத்தறிவாகாது.

சிவந்ததெல்லாம் துருவ ஒளியுமல்ல. 1883 ஆகஸ்டில் கிராக்கடோவா எரிமலை வெடித்து, அதன் புகை காற்றில் பரவி, செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. ஜனங்கள் நடுங்கினார்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த மிக்கி ஸ்மித் அவ்வொளியைக் கருவியால் பிரித்துப் பார்த்துக் குறிப்பெழுதினார். தேதியும் இடமும் எழுதிவைத்ததனால்தான் அந்தப் பச்சைச் சூரியன் உலகமுடிவல்ல, எரிமலைத் தூசி என்று தெளிவாயிற்று.

பஞ்சமும் சூரியனும்

இவ்விஷயத்தில் நம் ஜனங்கள் மறக்கக் கூடாத ஒரு பாகம் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கும்போதே 1877 ஜனவரி 1-ந் தேதி டில்லியில் பெரிய தர்பார் நடந்தது. இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. பஞ்ச வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதுமென்று டெம்பிள் என்ற அதிகாரி குறைத்துவிட்டார்.

அப்போது பஞ்சத்திற்குக் காரணம் என்ன என்று கேட்டதற்கு, பஞ்சாங்கக்காரர் கிரகக் கோளாறு என்றார். அதே 1877-ல் சர்க்கார் புள்ளிவிவர அதிகாரியான ஹண்டரும் லண்டன் வான சாஸ்திரியான லாக்கியரும் சேர்ந்து, சூரியப் புள்ளிகள் குறையும் காலத்தில் சென்னையில் மழை குறைகின்றது, ஆகவே பஞ்சம் வருகின்றது என்று எழுதினார்கள். ஒருவர் சனியைக் காட்டினார். மற்றவர் சூரியனைக் காட்டினார். இரண்டு விரலும் மேலேதான் நீட்டப்பட்டன. துறைமுகத்தில் மூட்டையேற்றிக்கொண்டிருந்தவன் பக்கம் ஒரு விரலும் திரும்பவில்லை. மழை குறைவது இயற்கை. நெல் இருந்தும் மனிதன் சாவது இயற்கையல்ல.

ஆனாலும் இரண்டு பேரையும் ஒன்றாகத் தள்ளிவிடக் கூடாது. ஹண்டர் சொன்னது சோதித்துப் பார்க்கக்கூடிய சொல். பின்னால் இந்திய வானிலை இலாகாவின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் என்பவர் கணக்கை விரித்துப் போட்டுச் சோதித்து, புள்ளிக்கும் மழைக்கும் உள்ள சம்பந்தம் நம்பத்தக்க அளவில் இல்லை என்று கண்டு, காற்றழுத்தத்தின் பக்கம் ஆராய்ச்சியைத் திருப்பினார். 1877-ல் பசிபிக் சமுத்திரம் அளவுக்கு மிஞ்சிச் சூடேறியிருந்ததே மழை பொய்த்ததற்குப் பெரிய காரணம் என்று இப்போது தெரிகின்றது. இவ்விதம் ஒரு தப்பான யூகம் சோதனையில் விழுந்து சரியான வழிக்குப் படியாயிற்று. பஞ்சாங்கக்காரருடைய சனி எந்தச் சோதனையில் விழுந்தது? விழவே விழாது. ஏனென்றால் அதைச் சோதனைக்கு விடுவதே கிடையாது.

அப்பஞ்சத்தின் பயனாக எழுந்த யோசனைகளில் ஒன்றுதான் 1899-ல் கோடைக்கானலில் ஏற்பட்ட சூரிய ஆராய்ச்சிச் சாலை. மேலே சொன்ன மிக்கி ஸ்மித்தே அதன் முதல் தலைவர். 1904 முதல் அங்கே சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை எவர்ஷெட் என்பவர் 1909-ல் கண்டதும் அங்கேதான். ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அக்கண்ணாடித் தகடுகள் இன்று எண்ணுருவாக்கப்பட்டு, உலகம் முழுவதும் எடுத்துப் பார்க்கப்படுகின்றன. கல்வெட்டில் நாம் எழுதாமல் விட்ட கடனைக் கோடைக்கானல் மலை கொஞ்சம் தீர்த்திருக்கிறது. 2023 செப்டம்பர் 2-ல் ஏவப்பட்டு, 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று சூரியனைப் பார்த்துவரும் ஆதித்யா கலத்தின் திட்டத்தை நடத்திய நிகர் ஷாஜி என்பவர் நமது செங்கோட்டைப் பெண்மணி. சூரியனைப் பெண்கள் இன்ன நாளில் பார்க்கக் கூடாது, இன்ன நாளில் வெளியே வரக் கூடாது என்று சொன்ன சாஸ்திரங்கள் இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசும் என்று கேட்கின்றோம்.

செய்ய வேண்டியது

நம் ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், இருக்கிறது. காளையார்கோவிலின் பழம்பெயர் கானப்பேர். 1772 ஜூன் 25-ல் முத்துவடுகநாதர் இவ்வூரில் வெள்ளைக்காரன் குண்டுக்கு இரையானார். 1801-ல் மருது சகோதரர்கள் இதைக் காக்கப் போராடித் தோற்றார்கள். நம் ஊரில் இரத்தம் சிந்திய நாளைக்கூட நாம் பெரும்பாலும் எதிரியின் ராணுவக் கடிதங்களைக்கொண்டே நிச்சயிக்க வேண்டியிருக்கிறது. தேதி எழுதாதவன் தன் சரித்திரத்தையும் பிறனிடமிருந்தே கடன் வாங்க வேண்டும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. தமிழனுக்கு எழுதத் தெரியாமலில்லை. எழுதுவது கடமையென்று தோன்றாததே குறை.

ஆதலால், முதலாவது, கோயில் கல்லெழுத்தைச் சுண்ணாம்பு அடித்தும், பளிங்கு ஒட்டியும், மணல் வீசித் தேய்த்தும் திருப்பணி என்ற பெயரால் அழிப்பதை ஊரார் தடுக்க வேண்டும். நமக்குச் சாமி வேண்டாமானாலும் கல் வேண்டும். இரண்டாவது, வீட்டுப் பரணில் கிடக்கும் ஓலையையும் கணக்கேட்டையும் எடைக்குப் போடுமுன் படிக்கத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். ஆடிப்பெருக்கில் ஏட்டை ஆற்றில் விட்ட காலம் போதும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழைய கதவுக்கும் தூணுக்கும் விலை உண்டு. பர்மாவிலும் மலாயாவிலும் நாள் தவறாமல் எழுதிய கணக்கேட்டின் ஓரத்தில் அவ்வூர்ப் புயலோ கிரகணமோ குறித்திருந்தால் அதற்கு விலை மதிக்க யார் இருக்கிறார்கள்?

மூன்றாவது, கிரகணத்தன்று கதவை அடைப்பதை விட்டொழிக்க வேண்டும். 1871 டிசம்பர் 12-ல் முழுச் சூரிய கிரகணம் நம் பக்கமாகச் சென்றபோது, இத்தாலி தேசத்திலிருந்து ரெஸ்பிகி என்பவர் கடல் தாண்டிப் புதுக்கோட்டைக்கு வந்து பார்த்தார். கிரகணம் தலைக்கு மேல் வந்த நம் ஜனங்களோ தர்ப்பைப் புல்லைத் தேடினார்கள். 2019 டிசம்பர் 26-ல் திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வட்டாரங்களில் சூரியன் நெருப்பு வளையமாய் நின்ற காலையிலும், எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். வெறும் கண்ணால் பார்த்தால் கண் கெடும் என்பது உண்மை. அதற்கு வேண்டியது தகுந்த கண்ணாடி, அல்லது ஒரு அட்டையில் ஊசித்துளை. பூட்டுமல்ல, புல்லுமல்ல, புரோகிதருமல்ல.

சென்னை ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் மாறி ஒளிரும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். கண்ணால் பார்த்த கணக்குக்கு ஒத்தபடி பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டுமென்றும் பாடுபட்டார். அவர் பேச்சைப் பழம் பஞ்சாங்கக்காரர்கள் கேட்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் ஒரே கிரகணத்திற்கு இரண்டு பஞ்சாங்கம் இரண்டு கணக்குச் சொல்ல, இரண்டையும் விலை கொடுத்து வாங்குகிறோம்.

2031 மே 21-ந் தேதி மறுபடியும் ஒரு வளைய கிரகணம் தென் தமிழ்நாட்டின் வழியாகப் போகப்போகின்றது. இது எந்த ஜோசியனும் சொன்னதல்ல, கணக்குச் சொன்னது. அன்று காளையார்கோவிலில் ஆனைமடுவுக்கு முழுகப் போகிறவர்கள் போகட்டும். நம் பள்ளிப் பிள்ளைகளில் பத்துப் பேராவது ஊசித்துளை அட்டையும் கடிகாரமும் நோட்டுப் புஸ்தகமுமாக வெட்டவெளியில் நின்று, தொட்ட நேரம் இது, விட்ட நேரம் இது, பார்த்த இடம் இது, பார்த்தவன் பெயர் இது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கட்டும். பலன் எழுத வேண்டாம். நாளை எழுதினால் போதும்.